மஞ்சள் தாளில் எழுதிய பெயர்

மார்ச் 26, 2019, செவ்வாய்

தூறல். எங்கள் செவ்ரான் ஸ்டேஷனில் ரயில் இருபது நிமிடம் தாமதம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி.

மகள் அபியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி இது. பாதிக்கு மேல் வெறுமை. என் மனுசன் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு குடிக்கிறார் என்று நாள் போட்டு எழுதிக்கொண்டு வரும்படி நர்ஸின் கட்டளை. நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்து இன்றைக்கு ஐந்தாம் நாள். நன்றாகச் சாப்பிட்டால்தான் வெட்டின எலும்பு பொருந்துமாம். நர்ஸுக்கான தாளை அபி பிரெஞ்சில் எழுதித் தருவாள். இந்தக் கொப்பி எனக்கு.

காலை: பாண் அரைத் துண்டு, யோகட் ஒன்று. மத்தியானம்: உப்பில்லாத கிழங்கு மசியல், மீன் கொஞ்சம். தண்ணீர் மூன்று கிளாஸ்.

திட்டிக்கொண்டே சாப்பிட்டார். "இதைச் சமைச்சவனைக் கூப்பிட்டு இதைத் தின்னச் சொல்லோணும்." நல்ல குறி. இவர் திட்டினால் சுகமாகிறார் என்று அர்த்தம். இருபது வருட அனுபவம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். பெயர் லிம். அதே ஒப்பரேசன். மனைவி மதாம் லிம், எழுபது இருக்கும், கைப்பை நிறையத் தோடம்பழம். கம்போடியாவில் பிறந்த சீனர்களாம். அவருக்கும் எனக்கும் பிரெஞ்சு ஒரே அளவில் உடைந்தது. அதனால் நன்றாக விளங்குகிறது.

மார்ச் 27, புதன்

காலையில் லாச்சப்பல், தமிழ்க் கடைத் தெருவில் வேலை. கடையில் இரண்டு பேர் லீவு, இடியப்பமும் ரோல்ஸும் என் தலையில். கை மாவாகவே நிற்கையில் ஒருத்தி கேட்கிறாள், "அக்கா, அண்ணைக்கு நெஞ்சைப் பிளந்ததாமே, தப்புவாரோ?" மீன் விலை கேட்கிற மாதிரி. ரோலைக் கொஞ்சம் பலமாக உருட்டினேன்.

வேலை முடிந்து பிள்ளையாருக்கு அர்ச்சனை. போன கிழமை அம்மன். அதற்கு முந்தின கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. எல்லாக் கதவிலும் தட்டியாயிற்று.

மத்தியானம்: சோறு பாதி, கோழி இரண்டு துண்டு. நல்லது.

ம.லி. (மதாம் லிம் என்று நெடுக எழுதக் கை வலிக்கிறது) கேட்டார், எங்கள் கோயிலுக்கு வருகிறாயா, பக்கத்தில்தான், பெயர் எழுதிக் கொடுத்தால் ஒரு கிழமை பிரார்த்தனை செய்வார்கள் என்று. என்ன கோயில் என்றேன். புத்தர் கோயில். பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

புத்தர் என்றால் எனக்கு ஊரில் ஆமியின் சென்ட்ரி பொயின்ட்தான் ஞாபகம் வரும். அரச மரம், கீழே சிலை, சிலைக்குப் பக்கத்தில் மண் மூட்டை, மூட்டைக்கு மேலே துவக்கு. இவருக்குத் தெரிந்தால் கட்டிலை விட்டு எழும்பி வந்து ஏசுவார்.

மார்ச் 29, வெள்ளி

வெயில், ஆனால் காற்று. போனேன். இவருக்குச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் வட்டாரத்து உயர மாடிக் கட்டடங்கள். கோபுரம், மணி ஏதாவது தெரியும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனால், ம.லி. கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போகிறார். கார் நிறுத்துகிற நிலக்கீழ்ப் பாதை. சரிவில் கார்கள் இறங்குகின்றன, நாங்கள் ஓரத்தால். பெற்றோல் மணம், கொஞ்ச தூரத்தில் ஊதுபத்தி மணம், பிறகு இரண்டும் சேர்ந்து. ஒரு இரும்புக் கதவு. திறந்தால் உள்ளே முழுக்கச் சிவப்பும் பொன்னும், நூறு விளக்கு, ஜன்னல் ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே கார் உருளும் சத்தம் விட்டு விட்டு.

சனம் நிறைய. சந்தை மாதிரித் தள்ளுமுள்ளு, ஆனால் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. புத்தர் பருத்தவர், பொன்னிறம், பக்கத்தில் மண் மூட்டை இல்லை. கும்பிட்டேன். கை தானாகக் கூடிவிட்டது, என்ன செய்ய.

பக்க அறையில் நீள மேசை. பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டு கோப்பையில் ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு, சின்னக் கிண்ணத்தில் தேத்தண்ணி. அன்னதானம் என்று நினைத்தேன். காலையிலிருந்து வெறும் வயிறு. ஒரு கதிரையை இழுத்தேன். ம.லி. பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். விருந்தினருக்கு என்று விளங்கிக்கொண்டு வெட்கத்தோடு விலகினேன்.

பெயர் எழுதும் மேசையில் ஒரு வயதான பெண், தூரிகையோடு. இரண்டு கட்டுத் தாள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ம.லி. ஊதுபத்தி வாங்கப் போயிருந்தார். அந்தப் பெண் இரண்டையும் காட்டி ஏதோ கேட்டார். மேலே கார் ஓடிய சத்தத்தில் விளங்கவில்லை. எது வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார். நான் மஞ்சளைத் தொட்டேன். யோசிக்கவே இல்லை. தாலிக்கயிறு மஞ்சள், கலியாண ஓலையின் நான்கு மூலையிலும் மஞ்சள். ஒப்பரேசன் செய்த ஆளுக்குச் சிவப்பா எழுதுவது?

இவருடைய பெயர், பிறந்த நாள், ஊர் சொன்னேன். அவர் சீன எழுத்தில் மேலிருந்து கீழே எழுதினார். எழுதி முடித்து என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத மனுசி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டு ஒன்று தந்தார், இலக்கத்தோடு. கைப்பைக்குள் வைத்தேன்.

நாளை தொடங்கி ஏழு நாள் பிரார்த்தனையாம். மனம் இலேசாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம்: முழுச் சாப்பாடும். ஒரு பருக்கை மிச்சமில்லை.

மார்ச் 30, சனி

காலை: ஒன்றுமில்லை. மத்தியானம்: ஒன்றுமில்லை. தண்ணீர் ஒரு வாய்.

தட்டு மூடியபடியே இருந்தது.

"ஏன் சாப்பிடேல்லை?"

"சாப்பிட்டிட்டன்."

"எங்கை? தட்டு திறக்கவே இல்லையே."

"அங்கை."

நர்ஸிடம் கேட்டேன். மருந்து மயக்கமாம். சிலருக்கு அப்படித்தானாம்.

மார்ச் 31, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளும் நாள். அபி மறந்துவிட்டாள், நானும். ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரியாமல் ஓட்டம்.

இரசம் வைத்துக் கொண்டுபோனேன், களவாக. வாயில் வைக்கவில்லை. வயிறு நிறைந்திருக்கிறதாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

"சொல்லுங்கோ, எங்கை சாப்பிட்டனீங்கள்?"

"கனவெண்டு நினைக்காதையும். மேசை நீளம். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கினம். ஒருத்தரும் கதைக்கிறேல்லை. வெள்ளைச் சோறு, குட்டிக் கிண்ணத்திலை தேத்தண்ணி. ருசியெண்டா அப்பிடி ஒரு ருசி."

"ஆர் தாறவை?"

"முகம் தெரியாது. மேலை வாகனம் ஓடுற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்."

இவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ம.லி. சொல்லியிருப்பாரோ? இவருக்கு அவர் பிரெஞ்சும் விளங்காது, சீனமும் விளங்காது.

வீட்டுக்கு வந்ததும் கிளிநொச்சியிலிருந்து அம்மாவின் போன். நல்ல வெயிலாம். அந்த வெயிலுக்குள் ரோட்டோரக் கொட்டிலில், காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு இருக்கிற மற்றத் தாய்மாரோடு போய் இருக்கிறா, தம்பி சுதனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும். சுதன் போய்ப் பத்து வருடம். கடைசிச் சண்டை முடிந்த அன்று ஆமி பஸ்ஸில் ஏற்றினது, பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்போது இருபத்து நான்கு வயது.

"காணும் அம்மா. முழங்கால் ஏலாமல் ஏன் போறியள்? ஒப்பீசிலை தாற சேர்டிபிக்கட்டை எடுத்திட்டு வீட்டிலை இருங்கோ."

"செத்த சேர்டிபிக்கட்டோ? ஆர் செத்தது? நீ கண்டனியோ பிள்ளை?"

நான் கண்டது பஸ்ஸில் ஏறினதை. அவ்வளவுதான். வேறு கதை கதைத்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

பங்குனித் திங்கள். விரதம். நானும் சாப்பிடவில்லை, இவரும் சாப்பிடவில்லை. என்ன பொருத்தம்.

நிறை மூன்று கிலோ குறைவு. டொக்டர் வந்தார், சின்ன வயது, களைத்த முகம். வியாழன் வரை பார்ப்போம், பிறகு மூக்கால் குழாய் விடுவோம் என்றார். காயத்தில் ஒரு மூலை சிவந்து நீர் வைத்திருக்கிறது. உடம்பில் சத்தில்லாவிட்டால் நெஞ்செலும்பு திரும்ப விரியும், அது ஆபத்து என்று அபியிடம் சொன்னார். அபி என்னிடம் பாதிதான் சொன்னாள். மீதியை அவள் முகத்தில் பார்த்தேன்.

இவர் இன்றைக்கு ஒரு புதுக் கதை சொன்னார்.

"பக்கத்துக் கட்டில் கிழவரும் நேற்று வந்திட்டார். எனக்குப் பக்கத்துக் கதிரை. நல்லாச் சாப்பிட்டவர்."

திரும்பிப் பார்த்தேன். லிம் கிழவர் தன் கட்டிலில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சுளை நீட்டினார். விரதம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மழை.

பக்கத்துக் கட்டில் வெறுமை. புதுச் சீலை விரித்திருக்கிறது. விடியப்புறம் ஐந்து மணிக்காம். எல்லாம் நன்றாக இருந்ததாம், சடுதியாக இதயம் நின்றுவிட்டதாம்.

இவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

காலை: இல்லை. மத்தியானம்: இல்லை.

ஏப்ரல் 3, புதன்

வேலைக்குப் போகவில்லை. முதலாளி அண்ணை போனில், "நீ ஆளைப் பார் பிள்ளை, ரோல்ஸ் எங்கையும் ஓடாது." நல்ல மனிதர். ஆனால் ரோல்ஸைப் பற்றி அவர் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இவர் சாகப்போகிறார் என்று லாச்சப்பல் முழுக்க முடிவுகட்டிவிட்டார்கள் போல.

அபிக்குப் பள்ளிக்கூடம் அரை நாள், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என் கைப்பையில் மெத்ரோ டிக்கெட் தேடினவள் அந்தத் துண்டை எடுத்தாள். பின்பக்கம் பிரெஞ்சில் சின்ன எழுத்து, நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, இது என்ன?"

"கோயில் துண்டு. அப்பாவுக்குப் பெயர் குடுத்தனான்."

வாசித்தாள். திரும்ப வாசித்தாள். "செ பூர் லே மோர்" என்றாள். பிறகு தமிழில், மெதுவாக, "இது செத்த ஆக்களுக்கு அம்மா. மஞ்சள் செத்த ஆக்களுக்கு, சிவப்பு உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு எண்டு போட்டிருக்கு."

கொரிடோரில் இருந்த கதிரையில் இருந்துவிட்டேன்.

ம.லி.க்கு அபி போன் எடுத்தாள். செத்த வீட்டுக்காரி, பாவம், ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். இது சீனர்கள் இறந்தவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கும் கிழமை. நமக்கு ஆடி அமாவாசை மாதிரி. மஞ்சள் தாளில் பெயர் உள்ளவர்கள் ஏழு நாளும் அந்த மேசைக்கு வருவார்கள். வெள்ளி காலை தாள்களை எல்லாம் எரிப்பார்கள். எரித்தால் புறப்பட்டுவிடுவார்கள். அவர் தன் மனுசனுக்குச் சிவப்புத்தான் எழுதினாராம். நேற்று மஞ்சளில் மாற்றி எழுதினாராம்.

வெள்ளி என்றால் நாளை மறுநாள்.

உயிரோடு இருக்கிற மனுசனை நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் செத்தவர்களின் பந்தியில் இருத்தியிருக்கிறேன். விசரி. இதை இவரிடம் எப்படிச் சொல்வது, அம்மனிடம் எப்படிச் சொல்வது.

ஏப்ரல் 4, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கோயில் வாசலில். இரும்புக் கதவு ஒன்பதுக்குத்தான் திறந்தது. ஒரு மணி நேரம் கார்களுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பக்க அறைச் சுவர் முழுக்க மஞ்சள். அன்றைக்குக் கண்ணில் பட்டது மேசைச் சோறுதான். இன்றைக்குத்தான் சுவரைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான தாள், எல்லாம் ஒரே எழுத்து மாதிரி. இதில் எது என் மனுசன்? இருபது வருடம் கூட வாழ்ந்தவரை அடையாளம் காணத் தெரியாமல் நின்றேன்.

தூரிகைப் பெண் வந்தார். துண்டைக் காட்டி, "இவர் உயிரோடு இருக்கிறார்" என்று என் பிரெஞ்சில் சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. சிரிக்கவில்லை, ஏசவில்லை. பதிவுப் புத்தகத்தைப் புரட்டி இலக்கம் பார்த்து, மூன்றாம் வரிசையில் ஒரு தாளைக் காட்டினார். பக்கத்துத் தாளையும் காட்டி "லிம்" என்றார். மை புதிது, கறுத்து மின்னியது.

தாளை உரித்து நான்காக மடித்து என் கையில் தந்தார். அந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. சிவப்பில் புதிதாக எழுதி, புத்தருக்கு முன்னால் மற்றச் சிவப்புகளோடு ஒட்டினார். நிம்மதியாகத் திரும்பப்போனேன். அவர் விடவில்லை.

ஆறு நாள் இந்த இடத்துக்குச் சோறு வைத்தாயிற்று என்றார். கதிரை போட்டாயிற்று. கூப்பிட்டுவிட்டுக் கடைசி நாளில் வெறுமையாக விட முடியாது, விட்டால் இருந்தவரையே தேடிப் போவார்கள். வேறு ஒரு பெயர் தா. உன் வீட்டில் செத்துப்போய், ஒருவரும் சோறு வைக்காத ஒருவர் இருப்பாரே. எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

யோசித்தேன். அப்பாவுக்கு ஒவ்வொரு வருடமும் திவசம். மாமிக்கு இவர் செய்கிறார். ஷெல்லடியில் போன சித்தப்பாவுக்கு அவர் பிள்ளைகள். எல்லாருக்கும் யாரோ ஒருவர் இலை போடுகிறார்கள். ஒரே ஒருவனுக்குத்தான் பத்து வருடமாக ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய அம்மா விடவில்லை.

மேலே ஒரு கார் போனது. அந்தப் பெண் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

சுதன் என்றேன்.

பிறந்த நாள் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். இறந்த நாள் கேட்டார். தெரியாது என்றேன். இடம்? தெரியாது. அவர் இரண்டு இடத்தையும் வெறுமையாக விட்டு எழுதினார். அந்த வெள்ளைச் சுவர் மூடியது.

வெளியில் வந்து மெத்ரோ வாசலில் நின்று அழுதேன். ஒரு மனிதர் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். வாங்கவில்லை. அம்மா பத்து வருடம் செய்யாததை நான் பத்து நிமிடத்தில் செய்துவிட்டேன். என் மனுசனுக்காகத் தம்பியைக் கொடுத்துவிட்டேன், வேறு சொல்லில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மணிக்குப் போனேன். குழாய் கொண்டுவந்து தள்ளுவண்டியில் வைத்திருந்தார்கள். இவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார்.

"பசிக்குது. என்ன கொண்டு வந்தனீர்?"

நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

மத்தியானம்: ஆஸ்பத்திரிச் சோறு, அவரை, மாட்டிறைச்சி, யோகட் இரண்டு. எல்லாம். மாட்டிறைச்சி என்று தெரிந்தும் சாப்பிட்டார். நர்ஸ் கை தட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

குளிர், வெயில்.

பத்து மணிக்கு எரித்தார்கள். சரிவின் மேலே, வெட்டவெளியில், ஒரு இரும்புப் பீப்பாய். கட்டடத்துக் காவலாளி தீயணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில், நெருப்பை விடத் தன்னைச் சனம் பார்க்கிறதா என்ற கவலையில். தாள்களைக் கட்டுக் கட்டாகப் போட்டார்கள். எந்தக் கட்டில் சுதன் என்று தெரியவில்லை. ம.லி. கறுப்பு உடுப்பில் வந்திருந்தார். என் தோளில் கை வைத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. சாம்பல் மேலே போய் மாடி ஜன்னல்களுக்கு முன்னால் சுற்றியது.

இவர் காலையும் மத்தியானமும் சாப்பிட்டார். பாண், வாழைப்பழம், சோறு, கோழி. காயம் காய்கிறது. திங்கள் வீட்டுக்கு விடக்கூடும் என்றார் டொக்டர்.

சந்தோசப்பட வேண்டும். படுகிறேன்.

ஏப்ரல் 6, சனி

மேகம். நல்ல தோசையும் சம்பலும் கொண்டுபோனேன். மூன்று தோசை. உப்புக் குறைவு என்று திட்டு.

சாப்பிட்டு முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், கேட்காமலே.

"நேற்று விடிய அங்கை ஒருக்காப் போனனான். கடைசிச் சாப்பாடாம். என்னை உள்ளை விடேல்லை, வாசல்லை நிண்டு பார்த்தன்."

நான் கேட்க வேண்டியிருந்தது. "உங்கடை கதிரையிலை ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் பிரச்சினை. ஆரோ வருவினமெண்டு பெயர் குடுத்திருக்காம். சோத்தைப் போட்டு வைச்சிட்டு எல்லாரும் சாப்பிடாமல் காத்துக்கொண்டு இருக்கினம். லிம் கிழவரும். வாசலைப் பார்க்கினம், என்னைப் பார்க்கினம்."

"பேந்து?"

"வரேல்லை. சோறு ஆறிப்போச்சு. கடைசியிலை ஒரு மனுசி வந்து அந்தக் கோப்பையை எடுத்துக் கவிட்டு வைச்சிட்டா. அப்பிடி ஒருத்தர் இஞ்சை இல்லையெண்டு சொன்னவ."

"என்ன பாஷையிலை சொன்னவ?"

யோசித்தார். "தெரியாது. விளங்கினது."

பிறகு ரீவியைப் போடச் சொன்னார். போட்டேன்.

ஆஸ்பத்திரி முற்றத்துக்கு இறங்கி வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே இருட்டியிருக்கும். மூன்றாம் தரம் மணி அடிக்க எடுத்தா.

"மருமகன் எப்பிடி?"

"சாப்பிடுறார் அம்மா. சுகம். அம்மா, நாளைக்கும் கொட்டிலுக்குப் போறியளோ?"

"போறன். ஏன், போகவேண்டாமெண்டு சொல்லத்தான் எடுத்தனியோ?"

"இல்லை அம்மா. போங்கோ. ஒரு நாளும் விடாதையுங்கோ. குடையை மறக்காமல் கொண்டு போங்கோ."